மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால்

ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பின்னால்
மூன்று வாரமாக நிற்கிறது அந்தக் குப்பி.
சுண்டுவிரல் உயரம். அடியில் வெள்ளைப் பொடி.
அலுமினியத் தொப்பி, ஒரு எண். பெயரில்லை.
ஐந்து ரோட்டில் ஜிம் வைத்திருக்கும் சுகுமாரன் கொடுத்தது.
"பெப்டைடு, அக்கா. குதிகால் நரம்பு பத்தே நாள்ல ஒட்டிக்கும்.
உங்களுக்குன்னா பாதி விலை."

சுற்றி ஒட்டியிருந்த தாளில் பொடி எழுத்து:
ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர்களுக்கு அல்ல.
மூன்று தடவை படித்தேன்.
நான் மனுஷிதான் என்று நினைக்கிறேன்.
பதினான்காம் வளைவில், குரங்குகள் பார்த்திருக்க,
முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்த அன்று
கொஞ்சம் சந்தேகம் வந்தது, அவ்வளவுதான்.

ஞாயிறு ஐந்தரைக்கு அடிவாரத்தில் ஏழு பேர் கிளம்புவோம்.
ஏற்காடு வரை இருபது கொண்டை ஊசி.
கோகிலவாணி போன வருஷம் எனக்குப் பின்னால் வந்தவள்.
இப்போது அவள் முதுகின் வியர்வைக் கோடு
ஒன்பதாம் வளைவில் திரும்பி மறைவதைத்தான் பார்க்கிறேன்.
அவள் வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஒன்று நிற்குமோ?
கேட்கவில்லை.
கேட்டால் அவளும் கேட்பாள்.

எனக்கு வேலை அஸ்தம்பட்டி லேபில் ரத்தம் எடுப்பது.
ஊருக்கெல்லாம் குத்துகிறவள்
என் கையை நீட்டியது இந்தப் பிப்ரவரியில்தான்.
ஃபெரிட்டின் ஒன்பது.
மெஷின் தப்பு என்று மறுபடி ஓட்டினேன்.
எட்டரை.
இரும்பாலை பஸ் தினமும் கடக்கிற தெருவில்
இரும்பில்லாமல் இருந்திருக்கிறேன்.
"இதை வச்சுக்கிட்டா மலை ஏறினே?" என்றார்
டாக்டர் மெஹருன்னிசா.
திட்டு மாதிரியும் இருந்தது, பாராட்டு மாதிரியும் இருந்தது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை,
எலுமிச்சை பிழிந்த தண்ணீரில்.
முன்னும் பின்னும் டீ கூடாது.
டீ இல்லாத காலை ஆறு மணி
எந்த ஜிம்மிலும் நான் தூக்காத எடை.
மறுநாள் கழிவறையில் கறுப்பு.
கவிதையில் இதைச் சொல்லக்கூடாதோ? சொல்லிவிட்டேன்.

அப்புறம் கிரியேட்டின், ஒரு சின்ன ஸ்பூன்.
டாக்டரிடம் கேட்டு,
டப்பாவில் சோதனை முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கியது.
"கிட்னி போயிடும்" என்றார் வீட்டுக்காரர்,
மூன்றாவது தட்டு வடை செட்டை வாயில் போட்டபடி.
அவர் சர்க்கரை அளவு எனக்குத் தெரியும்.
தொழில் தர்மம், இங்கே சொல்லமாட்டேன்.

குதிகாலுக்குப் படிக்கட்டு.
விளிம்பில் நின்று மெதுவாக இறக்கு, ஏற்று.
பதினைந்து, பதினைந்து, பதினைந்து.
பன்னிரண்டு வாரம் என்றாள் பிசியோ.
இது ஒன்பதாவது வாரம்.
இந்தச் சலிப்பை யாரும் குப்பியில் அடைத்து விற்கமாட்டார்கள்.

போன வியாழன் மின்தடை, ஒன்பதிலிருந்து ஐந்து வரை.
வீடு திரும்பினால், மாவு பொங்கி மூடியைத் தள்ளி
குப்பியின் இடுப்பு வரை வழிந்திருந்தது.
மாவு என்ன ஆனது என்று மூக்கு சொல்லிவிட்டது.
குப்பிக்குள் என்ன ஆனது?
அதே வெள்ளை. அதே தொப்பி.
முதலில்தான் உள்ளே என்ன இருந்தது?
துடைத்து மறுபடி வைத்தேன்.
ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

இன்று பதினேழாம் வளைவில்
கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள் கோகிலவாணி,
ஒரு ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு.
சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே சேலம் மங்கலாக, புகையாக.
நான் அருகில் வந்ததும் நிமிராமலே கேட்டாள்:
"சுகுமாரன் உன்கிட்டயும் குடுத்தானா?"

பஸ் ஒன்று ஹாரன் அடித்துத் திரும்பியது.
அது முழுசாகப் போய்முடியும்வரை
இருவரும் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
"லேபில் மஞ்சள் பை இருக்கு" என்றேன்.
"நாளைக்கு உன்னுதையும் கொண்டு வா."

அவள் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள்.
இன்னும் மூன்று வளைவு.