செவ்வாய் பத்து மணிக்கு

கிணற்றுக்கு மூடி போடச் சொன்னார்கள்
நன்னடத்தை அலுவலகத்தில்.
பதினேழு வருடமாய் நாங்கள் இருவரும்
விழாமல் அள்ளிய கிணறு.
நாவாந்துறை வெல்டிங் கடையில் கம்பிவலை செய்வித்து
லான்ட்மாஸ்டரில் ஏற்றி வந்தேன்.
பூட்டிவிட்டு இரண்டு திறப்பையும் யூஜினியிடம் கொடுத்தேன்.
ஒன்றைச் செபமாலையோடு கோத்துக்கொண்டாள்.
மற்றதை எங்கே வைத்தாளென்று
இன்னும் தேடுகிறோம்.

படிவத்தில் எங்களுக்கு ஒரு பெயர் இருந்தது:
தகுந்த ஆட்கள்.
கிராம சேவகர் எழுதித் தந்தார், பொலிஸ் எழுதித் தந்தது,
எக்ஸ்றே பார்த்த டொக்டரும் எழுதித் தந்தார்
எங்கள் நெஞ்சில் ஒன்றுமில்லையென்று.

நான் மின்சார சபையில் மீற்றர் வாசிப்பவன்.
கொய்யாத்தோட்டத்தில் எந்த வீட்டில்
பிள்ளை பிறந்ததென்று யூனிற் சொல்லிவிடும்:
தண்ணீர் மோட்டர், ஸ்திரிக்கைப் பெட்டி,
விடியும்வரை எரிகிற ஒரு பல்ப்.
எங்கள் வீட்டுக்கு மாதம் ஐம்பத்தெட்டு.
நத்தார் மாதம் அறுபது.

அவனைப் பற்றி ஒரு தாள்தான் தந்தார்கள்.
லதுர்சன். ஆறு வயது. சைவம்.
கத்தரிக்காய் தின்னான். கதவு சாத்தினால் அழுவான்.
அதற்குக் கீழே யாரோ பென்சிலால் எழுதி
அழித்துவிட்ட ஒரு வரி.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்.
வாசிக்க முடியவில்லை.

பின்வளவில் ஏழு கத்தரிச் செடி, காயோடு.
பிடுங்கவோ என்று கேட்டேன்.
"பாக்கிறதுக்குப் பயமில்லைத்தானே" என்றாள்.

அந்தோனியாருக்குப் பக்கத்தில்
நல்லூரடியில் வாங்கிய திருநீற்றுச் சட்டி.
பெரியமச்சாள் வந்து பார்த்துவிட்டு
"இதென்ன கோலம்" என்றாள்.
"அவன்ர தாய் பூசித்தானே விட்டிருப்பா."
யூஜினி அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
மச்சாள் தேத்தண்ணி குடியாமல் போனாள்.

தாய் இருக்கிறா.
அதை மிஸ் மூன்று தரம் சொன்னா.
"சுகமில்லை இப்ப. ஆறு மாசமோ, ரெண்டு வருசமோ.
தேறி வந்தால் பிள்ளை போகும். விளங்குதோ?
அம்மா எண்டு கூப்பிடச் சொல்லாதேங்கோ.
கூப்பிட்டால் தடுக்கவும் வேண்டாம்."
விளங்குது என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்,
கலியாணத்தன்று குருவானவருக்குச் சொன்ன குரலில்.
அன்று நூற்று நாற்பது வீடு வாசித்தேன்.
ஒரு வீட்டில், யூனிற் எழுதுகிற இடத்தில்,
ஆறு என்று எழுதியிருந்தேன்.

சனிக்கிழமை கஸ்தூரியார் வீதி.
நீலத் துவாய். அளவு தெரியாமல் இரண்டு காற்சட்டை.
மூன்று நிறத்தில் பல்லு பிறஷ், அவனே தெரியட்டும்.
கடைசியாய் அவள் ஒரு பையைக் காட்டினாள்,
சில்லு வைத்தது, பிடி நீளுவது.
எதுக்கு என்றேன்.
"சொப்பிங் பையோடதான் வருவான்.
போகேக்க அப்பிடிப் போகக்கூடாது."
கடைக்காரன் இரண்டு தரம் விலை சொன்னான்.
முதல் தரம் எனக்குக் கேட்கவில்லை.
வீட்டில் அதை அலுமாரிக்கு மேலே,
கட்டிலில் படுத்தால் தெரியாத பக்கமாய்த்
தள்ளி வைத்தோம்.

திங்கள் இரவு.
"போய் அவன்ர கட்டிலில படுத்துப் பாருங்கோ."
கால் எட்டாமல் முழங்காலை மடக்கிப் படுத்தேன்.
புது மெத்தையில் பொலித்தீன் மணம்.
அறைக் கதவைத் திறந்தபடி விட்டு
விளக்கை அணைத்தாள்.
"என்ன தெரியுது?"
சுவரில் என் மழைக்கோட்டு
தலையில்லாத ஆள்போல் நின்றது.
அதை எடும் என்றேன். எடுத்தாள்.
"இப்ப?"
ஆணி.
சுத்தியலோடு வந்தாள்.
கொஞ்சம் சீமெந்தும் உதிர்ந்து என் முகத்தில் விழுந்தது.
"இப்ப?"
"வாசலில நீர் நிக்கிறீர். முகம் தெரியேல்லை."

அவள் ஓரடி பின்னால் போனாள்.
பிறகு இடப்பக்கம்.
பிறகு குசினி வெளிச்சம் கன்னத்தில் விழுகிற மாதிரி
கொஞ்சம் திரும்பினாள்.

அங்கயே நில்லும் என்றேன்.

எவ்வளவு நேரத்துக்கு
என்று கேட்டாள்.