கோப்பு எண் 4417

உத்ரெக்ட், ஏப்ரல்.
மூன்றாம் மாடி க்ளோஸ்டர்ஹவுஸ் அம்மையார்
வாஷிங் மெஷின் குழாயை நம்பிக் கடைக்குப் போயிருக்கிறார்.
இரண்டாம் மாடியில் வீபெ ஹுக்ஸ்ட்ராவின் கூரை வழியே
இறங்கியது தண்ணீர்,
நான்கு மணி நேரம், அவசரமில்லாமல்.

நான் காப்பீட்டு நிறுவனத்து ஆள்.
ரப்பர் பூட்ஸ், ஈரமானி, படிவம்.
சோபாவுக்கு எவ்வளவு, மரத்தரைக்கு எவ்வளவு,
எல்லாம் மனப்பாடம்.
வீபெ சோபாவைப் பற்றிப் பேசவே இல்லை.
அறைக்குக் குறுக்கே கயிறு கட்டி
ஒரே அட்டையைப்
பதினான்கு முறை காயப்போட்டிருந்தார்.

"பதினான்கும் ஒன்றுதானே?" என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.

'இரவுக் கட்டணம்', 1982.
மின்சாரம் மலிவாகும் பதினொரு மணிக்குமேல்
ஓய்ந்துபோன பால் தொழிற்சாலை ஒன்றில்
மூன்று பேர் நான்கு சின்தசைசர்களோடு
குளிரில் கையுறை கழற்றாமல் பதிந்த ஆல்பம்.
அதுவரை இந்த நாட்டில் பாட்டுக்கு வியர்க்கும்,
அதற்குப் பிறகு வியர்க்கவில்லை.
இது வீபெயின் வாசகம்.
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

ஜப்பான் பதிப்பின் இடுப்பில் ஒரு காகிதப் பட்டை இருக்குமாம்,
பட்டை போனால் பாதி விலை.
பட்டை எங்கே?
உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.
கூழ்.

யூகோஸ்லாவியப் பதிப்பில் ஓர் எழுத்துப் பிழை,
பிழைக்கு மட்டும் நூற்று எண்பது யூரோ.
(நான் பிழை செய்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.)
நீல வினைல், முன்னூறே முன்னூறு,
இவருடையது இருநூற்று ஏழு.
நாற்பதாம் ஆண்டுப் பெட்டிக்குள்
அந்தத் தொழிற்சாலையின் கரண்ட் பில்,
அசலைப்போலவே அச்சடித்தது.
"அடுத்தவன் கரண்ட் பில்லை யார் காசு கொடுத்து வாங்குவார்?"
"நான்," என்றார். "இரண்டு."

தட்டுகளை ஒவ்வொன்றாய்த் துடைத்தேன்.
பதின்மூன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.
எனக்கு அதுதான் தலைவலி.
தண்ணீர் பாட்டைத் தொடவில்லை,
விலையை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது.

பதினான்காவது பிரிக்காதது.
முதல் அச்சு, வெள்ளி உறை, செலோபேன் குலையாமல்
நாற்பத்தோரு வருஷம்.
இரண்டாயிரத்து முன்னூறு யூரோ, ரசீது இருக்கிறது.
ஓரத்தில் ஒரு குமிழி,
உள்ளே சாய்ந்தால் நகரும் நீர்.
வீபெ அதை மடியில் வைத்துக்கொண்டு
ஒரு காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தார்.
பிறகு கட்டைவிரல் நகத்தால் கிழித்தார்.
அத்தனை சின்னச் சத்தம்.

ஊசி இறங்கியது.
கரகரப்பு. ஒரு பியானோ.
குழந்தைகள்.
கூட்டமாக, சற்றே சுருதி விலகி,
டிசம்பர் ஐந்தாம் தேதிக் கிழவரின் குதிரைக்குக்
காரட் வைப்பதைப் பற்றி.

லேபிளைப் பார்த்தோம். 'இரவுக் கட்டணம்', பக்கம் ஒன்று.
லேபிளில் தவறில்லை. அழுத்திய அச்சுதான் வேறு.
1982இல் யாரோ ஒரு ஷிஃப்ட் முடிவில்
தூக்கக் கலக்கத்தில் மாற்றி மாட்டியிருக்க வேண்டும்.

"இப்படி ஒன்று உலகத்தில் இருப்பதாக
யாருக்கும் தெரியாது," என்றார் மெதுவாக.
அப்படியானால் விலை?
"சீல் பிரிக்காமல் இருந்திருந்தால்..." என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டார்.
பிரிக்காமல் இருந்திருந்தால் அது வெறும் வெள்ளி உறை.
பிரித்ததால் விலை ஏறியது,
பிரித்ததாலேயே இறங்கவும் செய்தது.
என் கால்குலேட்டரில் இதற்குப் பொத்தான் இல்லை.

கதவு தட்டும் சத்தம்.
மன்னிப்புக் கேட்க ஆப்பிள் கேக்கோடு
மூன்றாம் மாடி அம்மையார்.
வாயெடுத்தவர் நின்றார்,
தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.
"ஏப்ரலிலா?" என்றார்.

பக்கம் திரும்பும்வரை யாரும் பதில் சொல்லவில்லை.
சோபாவுக்கு நானூற்றைம்பது எழுதினேன்.