நாற்பது நிமிட மேய்ச்சல்

பிளானெஸ் துறையிலிருந்து அரை மைல்.
ஃபெரியோல் எஞ்சினை அணைத்துவிட்டு
நெத்திலி வைத்த ரொட்டியைப் பிரிக்கிறார்.
நான் வாளியை இறக்குகிறேன்,
பன்னிரண்டு ஆண்டாக, மாதம் ஒருமுறை,
இதே இடத்தில்.

"போன மாதம் எத்தனை?"
"ஒரு மில்லியில் பத்து லட்சம் பாக்டீரியா."
"இந்த மாதம்?"
"ஏறக்குறைய அதேதான் இருக்கும்."
"பிறகு எதற்கு எண்ணுகிறாய், ரெமெய்?"
கேட்டுவிட்டு மெல்லத் தொடங்குகிறார்.

கடலில் சாட்டைவாலிகள் உண்டு.
பல் இல்லை, கண் இல்லை.
ஒற்றைச் சாட்டையைச் சுழற்றித்
தன் பக்கம் ஒரு வாய்க்காலை வரவழைக்கும்.
வந்தது உரசியதும்
சாட்டையடியில் உடம்பு குழையும்:
அதுதான் வாய்.
மூடிக்கொண்டால் அதுவே வயிறு.

பச்சையாய் ஒளிரும் சாயமேற்றிய இரையைப்
பாட்டிலில் விட்டு
நாற்பது நிமிடம் மேயவிடுகிறேன்.
பிறகு கொல்ல வேண்டும்.

முதல் ஆண்டு வெறும் ஃபார்மலின் ஊற்றினேன்.
சாகிற நொடியில்
தின்றதையெல்லாம் கக்கிவிட்டன.
நோன்பிருந்தவை போல அத்தனையும் வெறும் வயிறு.
இந்தக் கடலில் யாரும் யாரையும் தின்பதில்லை
என்றே எழுதியிருப்பேன்;
எலிசெண்டா விழுந்து விழுந்து சிரித்தாள்.
இப்போது முதலில் அயோடின்,
அப்புறம் ஃபார்மலின்,
கறை போக தயோசல்பேட்.
விழுங்கியது உள்ளேயே நிற்கிறது.

இருட்டறை. நீல உட்கரு,
பக்கத்தில் பச்சைப் புள்ளி.
ஒன்று. ஒன்றுமில்லை. இரண்டு. ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை. ஒன்று.
ஒரு தடியனுக்குள் ஐந்து:
அவனுக்கு ஃபெரியோல் என்று பெயர் வைத்தேன்.
(அவரிடம் சொல்லவில்லை.)

மறுமாதம் படகுக்கு ஒரு பாட்டில் கொண்டுபோனேன்.
சாட்டைவாலிகளை மட்டும் வடிகட்டிவிட்டு
மூன்று நாள் வைத்திருந்த நீர்.
வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்,
முகர்ந்தார்.
"தண்ணீர்."
"நாற்பது லட்சம்," என்றேன்.
"இதில் என்ன சேர்த்தாய்?"
"சேர்க்கவில்லை. தின்கிறவர்களை எடுத்துவிட்டேன்."

கொஞ்ச நேரம் பேசாமல்
படகோரம் குனிந்து கடலைப் பார்த்தார்.
அதில் பார்க்க எதுவும் இல்லை.
ரொட்டியைப் பிய்த்து
பெரிய துண்டைத் தனக்கே வைத்துக்கொண்டார்.

பாட்டிலைத் திருப்பித் தந்தபோது
லேபிளில் நெத்திலி எண்ணெய்.
தேதி கரைந்திருந்தது.
பேனாவைத் தேடுகிறேன்.