ஏல எண் பதினேழு

எய்பாரில் ஆலைகள் படுத்துக் கிடப்பதில்லை, நிற்கின்றன.
பள்ளத்தாக்கில் அவ்வளவு இடமில்லை.
ஒன்றின் தலைமேல் ஒன்றாக ஐந்து மாடிப் பட்டறை;
மூன்றாம் மாடிக்கு லாரியே ஏறிவருகிறது
சரிவில் முனகிக்கொண்டு.
அதன் பின்னால் நடந்தேன்,
தோளில் முக்காலி,
பையில் ஏலக் கம்பெனியின் தாள்:
நான்கு பக்கமும் ஒவ்வொரு படம்
எண் தகடு ஒன்று
பழுதிருந்தால் கிட்டே போய்.

அவர்களுக்கு அது போதும்.
எனக்கு வேறொன்று வேண்டியிருந்தது,
சொல்லக் கொஞ்சம் வெட்கம்:
துரு.
போன மாதம் எர்முவாவில் ஒரு துளைப்பு இயந்திரம்.
உரிந்த பெயின்ட்டுக்குள் மூன்று தலைமுறை நிறம்.
அதை ஆளுயரத்துக்கு அச்சிட்டு
பில்பாவோவில் ஓர் உணவகச் சுவருக்கு விற்றேன்,
இயந்திரத்துக்கே கிடைக்காத விலைக்கு.

கார்மெலே இரும்புக் கதவைத் தள்ளியதும்
வாசனை முந்திக்கொண்டு வந்தது.
எண்ணெய் இல்லை. புதுப் பெயின்ட்.

லேத் பச்சைப்பசேலென்று நின்றது.
ராத்திரி முழுக்க அடித்தாளாம்
தங்கை மகன் டார்ச் பிடிக்க.
பெண் பார்க்க வந்து
குறை தேடுகிறவனைப்போல்
சுற்றிச் சுற்றி வந்தேன்.
“பழசாகவே விட்டிருக்கலாமே” என்றேன்.
“உனக்குத் துரு அழகு.
எனக்கு ஒரு விரல் துரு
ஐந்நூறு யூரோ.”

கைப்பிடிக் குமிழ் மட்டும் கறுப்பாகவே இருந்தது.
“மறந்துவிட்டீர்களா?”
“அடித்தால் வழுக்கும்.
வாங்குகிறவனுக்கும் கைதானே இருக்கும்.”

முப்பத்தோரு வருடம்
லிஃப்ட் கதவுகளுக்கு ஊசி கடைந்தவள்.
நீ ஏறிய லிஃப்டில் ஒன்றாவது என்னுடையது,
சந்தேகமிருந்தால் படியில் போ, என்றாள்.

“படத்துக்கு அடியில் என்ன எழுதுவாய்?”

கடைசிக் கடைசல்காரி
என்று ரயிலில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன்,
ஓசை நன்றாக இருக்கிறதென்று.
வாய் திறக்கவில்லை. இருந்தும் எப்படியோ படித்துவிட்டாள்.
“கடைசி கிடைசி என்று எழுதாதே.
கீழ் மாடியில் ஆறு பேர்
கம்ப்யூட்டர் வைத்துக் கடைகிறார்கள்,
ஒருத்தி என் மகள்.
என் முழங்கால்தான் கடைசி.”

நான்கு பக்கமும் எடுத்தேன். எண் தகடும்.
பழுது எதுவும் கண்ணில் படவில்லை,
பெயின்ட் அப்படி.

முக்காலியை மடக்கப்போனபோது
சுவிட்சைப் போட்டாள்.
“நிற்கிற மெஷினைக் காயலான்கடைக்காரன் எடை போட்டு வாங்குவான்.
ஓடுவதை எடு.”

தரை எழுந்து உள்ளங்காலில் பேசியது.
மேசையில் வெர்னியர் காலிப்பர் தானாக நகர்ந்தது.
உளி தொட்ட இடத்தில் எஃகு நீலச் சுருளாகி
புகைந்துகொண்டே தட்டில் விழ,
அவள் தூரிகையால் ஒதுக்கினாள்
சோற்றிலிருந்து முடியை எடுப்பதுபோல்.
வெளிச்சம் குறைவு, ஷட்டர் அரை நொடி திறந்திருக்க வேண்டும்.
முக்காலி உதறுகிறது, நிறுத்துங்கள் என்று கத்தினேன்.
காது கேட்காதவள்போல் இருந்தாள்.
ஒருவேளை கேட்கவேயில்லை.

எடுத்தது எடுத்தபடி காட்டினேன், மன்னிப்போடு.
ஈரம் காயாத கட்டைவிரலால் திரையைத் தள்ளிப் பெரிதாக்கினாள்.

லேத் துல்லியமாக இருந்தது.
திருகு திருகாக எண்ணலாம்.
அதுவும் நானும் ஒரே தரையில்
ஒரே நடுக்கம் நடுங்கியிருக்கிறோம்.
கலைந்துபோனது ஜன்னலுக்கு வெளியே:
பைன் மரங்கள், துணி காயும் பால்கனி,
அதற்கு மேலே மலை முழுவதும்.

“பார், மலை ஆடுகிறது” என்றாள்.
“இதைப் போடு. வாங்குகிறவனுக்குப் புரியும்.”

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து பதில்:
எண் பதினேழு, பின்னணி தெளிவில்லை,
மறுபடி எடுத்து அனுப்பவும்.

திரையில் பச்சை ரேகை இன்னும் துடைக்காமல் இருந்தது.
அதன் வழியாகவே இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுதினேன்:
தவறில்லை.
லேத் ஓடும்போது
அந்த மலை அப்படித்தான் இருக்கும்.