மண்ணில் சிந்தாமல்

உதைத்தது சாம்பல் நிறக் குதிரை.
உதைபட்டவன் தவாசம்பு.
லாடம் அடிக்காத குளம்பின் வளைவு
இடது விலாவுக்குக் கீழே
முத்திரை குத்தினாற்போல் பதிந்திருந்தது.

உறைந்த ஆற்றின் மேலேயே
ருஷ்ய வேனை விடிய விடிய ஓட்டிவந்தான் யோந்தோன்.
ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது
ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான்.
பார்த்தேன். மறந்தேன்.

வயிறு பலகையாய் இறுகிக் கிடந்தது.
உலியஸ்தாய் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு
நான்கு பை ரத்தம்; அதில் இரண்டு
அவனுக்குச் சேராது.

நெஞ்செலும்பின் முனையிலிருந்து
தொப்புளைத் தாண்டி ஒரே கீறல்.
திறந்ததும் பொங்கியது.
உறிஞ்சும் குழாய் திணறியது.
எங்கிருந்து என்று தெரியவில்லை.
தெரியாதபோது செய்யவேண்டியது
புத்தகத்தில் இருக்கிறது. நினைவு வருமுன்பே
என் வலது கை போய்விட்டது,
இரைப்பைக்கு மேலே,
உதரவிதானத்தின் அடியில்,
முதுகெலும்பை ஒட்டி.

அந்த இடம் அதற்குப் பழக்கம்.

எங்கள் பக்கம் ஆட்டின் கழுத்தை அறுப்பதில்லை.
மல்லாத்திக் கிடத்தி
கை நுழையும் அளவுக்கு மட்டும் கீறி
சூட்டுக்குள் துழாவி
பெருந்தமனியை விரலில் கொக்கிபோட்டு இழுத்துவிடுவோம்.
சத்தம் வராது.
மண்ணில் ஒரு சொட்டு சிந்தக் கூடாது.
ஆண்கள் செய்யும் வேலை.
எங்கள் கூடாரத்தில் ஆண்கள் இல்லை.

அதே வெப்பம்.
நடுவிரலின் அடியில் அதே துள்ளல்.
இந்த முறை இழுக்கவில்லை.
அழுத்தினேன், எலும்போடு சேர்த்து,
பதினோரு நிமிடம்.
தலைமாட்டில் பில்கூன் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்:
நாற்பது. ஐம்பது. திரும்பவும் நாற்பது.
அறுபத்தைந்து.
இடது கையால் மண்ணீரலை வெளியே ஏந்தினேன்,
இரண்டாய்ப் பிளந்திருந்தது.
ஸெந்த்மா கவ்வியைப் போட்டாள்.

தரையெல்லாம் ரத்தம். என் செருப்புக்குள் ரத்தம்.
சிந்தியது அத்தனையும்
பிழைத்தவனுடையது.

மூன்றாம் நாள் கேட்டான்:
"கையை விட்டீர்களாமே, எங்கே?"
"உனக்குத் தெரியாத இடமா?"
சிரிக்கப் பார்த்தான்.
தையல் விடவில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான்
யோந்தோனை பூட்ஸைக் கழற்றச் சொன்னேன்.
பாதம் ஐஸ். மேலே நாடி இல்லை,
முழங்காலின் பின்னாலும் இல்லை.
முப்பது வருஷத்துச் சிகரெட்
தொடைக்குள் அடைத்துக்கொண்டு நின்றது.
தலைநகருக்கு விமானம் போகாத வாரம் அது.

மறுகாலிலிருந்து ஒரு சிரையை உருவி
தலைகீழாய்த் திருப்பித் தைத்தேன்.
சிரைக்குள் சின்னச் சின்னக் கதவுகள்.
எல்லாம் இதயத்தைப் பார்த்தே திறப்பவை.
திருப்பாமல் வைத்தால்
தன் வழியைத் தானே மூடும்.
முடியைவிட மெல்லிய நூல்;
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முடிச்சும்.

கவ்வியை எடுத்ததும்
குதிகாலில் தொடங்கி விரல்வரை
மெதுவாய்ச் சிவந்தது.

மறுநாள் பாதத்தில் டாப்ளரை வைத்தோம்.
கேட்பவர்கள் எல்லாரும்
குதிரைக் குளம்பு என்பார்கள்.
யோந்தோன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.
"மட்ட டீசல் போட்ட என் வண்டி" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"ஆனால் ஓடுகிறது."