குறிப்புக்கு மட்டும்

ஜுபைலில் என் வேலை
அழுத்தமானிகளைச் சந்தேகிப்பது.
முள் நூறு என்று நின்றால்
நூறுதானா என்று கேட்பது.
அரை சதவீதம் பிசகினாலும்
கழற்றி மேசைக்குக் கொண்டுவருவது.

மாலை ஏழு மணிக்கு
குடியிருப்பின் உடற்பயிற்சிக் கூடத்தில்
டிரெட்மில் சொல்கிறது: நானூற்றுப் பன்னிரண்டு.
மணிக்கட்டில் கடிகாரம் சொல்கிறது: இருநூற்று எண்பத்தேழு.
ஒரே கால்கள், ஒரே நாற்பது நிமிடம்,
ஒரே பனியன் நனைந்திருக்கிறது.
நடுவே ஒரு சப்பாத்தியும் கொஞ்சம் எண்ணெயும்
காணாமல் போயிருக்கின்றன.

கமாலுதீன் டிரெட்மில் கட்சி.
"மெஷின் ஏன்டா பொய் சொல்லப் போவுது,
அதுக்கென்ன சம்பளமா ஏறப் போவுது?"
அறுநூறு எரித்த அன்று
இரண்டு பரோட்டா, சால்னா தனியாக.
கணக்கு நேர் என்று விரலைச் சூப்புவான்.
ஆறு மாதத்தில் அவன் பெல்ட்
இரண்டு ஓட்டை வெளியே வந்துவிட்டது.

வியாழன் இரவு கூடத்தில் யாருமில்லை.
நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனேன்.

கைப்பிடியில் பாதி உடம்பைத் தொங்கவிட்டு நடந்தேன்.
பிறகு கையை விட்டு, அதே வேகத்தில்.
திரையில் ஒரே எண்.
நெஞ்சு மட்டும் ஒப்புக்கொள்ளாமல்
இருபது துடிப்பு கூடுதலாக அடித்தது.

மெனுவின் அடியாழத்தில் ஒரு எடை உட்கார்ந்திருந்தது.
எண்பது கிலோ.
என்னை யாரும் கேட்கவே இல்லை.
நான் அறுபத்து மூன்று.
இத்தனை நாளாய்
முகம் தெரியாத பதினேழு கிலோ
என்னோடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கடிகாரத்தையும் விடவில்லை.
குளியலறையில் சட்டை கும்மியதற்கு
தொள்ளாயிரம் அடி நடந்ததாகப் பாராட்டியது.
லிப்ட் பழுதான அன்று
தண்ணீர் கேனைத் தோளில் கட்டிப்பிடித்து
மூன்று மாடி ஏறினேனே, அதற்கு நாற்பது.
கை அசையவில்லையாம்.

கடைசிச் சோதனை.
இறங்கி ஓரமாய் நின்றுகொண்டேன்.
பட்டை தன்பாட்டுக்கு ஓடியது.
பத்து நிமிடம்.
நூற்று மூன்று கலோரி.

ஆளில்லாமல் எரிந்த நூற்று மூன்று.
யார் வயிற்றுக் கொழுப்பு அது?
ஏ.சி. சத்தத்தில்
அந்தக் காலிப் பட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
வியர்க்காமல் அது நன்றாக ஓடியது.

சரியாக அளக்க வழி இருக்கிறது.
வாயையும் மூக்கையும் மூடி,
உள்ளே போன மூச்சையும் வெளியே வந்த மூச்சையும்
பிடித்து எண்ணுவார்கள், பெரிய ஆய்வுக்கூடங்களில்.
என்னிடம் இருப்பது
மருந்துக்கடை வாசல் எடை மெஷினும்
இடுப்பில் ஓர் அரைஞாண் கயிறும்.
கயிறு இதுவரை பொய் சொன்னதில்லை.
அது எண்ணே சொன்னதில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

துல்லியம் தேறாத கருவிகளுக்கு
எங்கள் மேசையில் ஒரு மஞ்சள் சீட்டு உண்டு.
தூக்கிப்போட மாட்டோம்;
தேதி எழுதி, கையெழுத்திட்டு ஒட்டுவோம்:
குறிப்புக்கு மட்டும்.
ஒன்றைக் கொண்டுவந்து
டிரெட்மில்லின் நெற்றியில் ஒட்டினேன்.

கமாலுதீன் வாய்விட்டுப் படித்தான்.
"அப்ப நேத்து தின்ன பரோட்டா?"
"அதுக்குப் பிழைவரம்பு கிடையாது.
அது முழுசாகத்தான் உள்ளே போச்சு."
சிரிக்கவில்லை. பெல்ட்டைத் தடவிக்கொண்டான்.
அன்று ஒன்றரை பரோட்டாதான்.
மீதி அரையை நான் தின்றேன்.

ஞாயிறு காலை சீட்டு டிரெட்மில்லில் இல்லை.

ஐந்தரை மணி பஸ்ஸுக்கு வரிசை.
சாரம் கட்டும் ஆட்கள் ஒவ்வொருவராய்
வருகைப் பதிவு மெஷினில் விரல் வைக்கிறார்கள்.
ஜூலையின் எட்டு மணி நேரத்தையும்
டிசம்பரின் எட்டு மணி நேரத்தையும்
ஒரே பீப் ஒலியில் வாங்கிக்கொள்ளும் மெஷின்.
அதன் மேல், கொஞ்சம் கோணலாக,
என் கையெழுத்தோடு, மஞ்சளாக.

எனக்குப் பின்னால் கமாலுதீன்
ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

விரல் வைத்தேன். பீப்.
இன்றோடு பதினோரு நாள்.
யாரும் உரிக்கவில்லை.
நானும்.