பத்து நொடி

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை மாடி.
பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்து
இனி இது லேசில் சாகாது என்றார் பூபாலன்.
சாகவில்லை. ஆனால்
பாஸ்வேர்டுப் பெட்டகமும் பிரவுசரும்
ஒரே திரையில் இருந்துகொண்டு
சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி
முகம் கொடுத்துப் பேசவில்லை.
இரண்டு நாள் மல்லுக்கட்டி
ஸ்னாப்பைக் கழற்றி வேறு ஃபயர்பாக்ஸ் போட்டதும்
மூலையில் பச்சை.

இத்தனை வருஷம் வாயில் அடக்கியதையெல்லாம்
கக்கச் சொன்னேன் பிரவுசரை.
அறுபத்தோரு வரி.
ஜிஎஸ்டி, கரண்ட் பில், ரயில் டிக்கெட்,
வெள்ளி விலை பார்க்கிற இடம்.
முப்பத்தெட்டில் ஒரே பெயர்:
குணாளன்2011.

ஒன்பது வருஷம்
கறுப்புப் புள்ளிகளாக
தினம் காலை அவனைத் தட்டித்தான்
உள்ளே போயிருக்கிறேன்.

ஒவ்வொன்றாக மாற்றினேன்.
இருபத்து நான்கு எழுத்து, வாயில் நுழையாதவை.
கூப்பிட முடியாத பெயர்
திரும்பிப் பார்க்காது.
காப்பி எடுத்தால் பத்தே நொடி,
கிளிப்போர்டு தானாக மறந்துவிடுகிறது.
என்ன ஒரு பிறவி.

கீழே மெருகு போடுகிற இரைச்சல்.
மாஸ்டர் பாஸ்வேர்டு மட்டும்
நானே யோசிக்க வேண்டியிருந்தது.
ஐந்து சொல். ஆள் யாரும் இல்லை.
ஏற்காடு ஏறும்போது
பன்னிரண்டாம் வளைவில் வாந்தி எடுத்தது
ஒரு சொல்லாக இருக்கிறது.
அதற்கு மேல் கேட்காதீர்கள்.